வெகுமதி சாமிக்கா, ஆசாமிக்கா?

தொலைந்துபோன பொருளை ஒருவர் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தால் அவருக்கு வெகுமதி கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பற்றி நம் மக்களுக்குள் பலவித அபிப்பிராயங்கள் இருந்து வருகின்றன. கொடுத்தால் யோக்கியத்துக்கு விலை வைத்ததாகிவிடும் என்கிறவர்களும், ஏதோ காபிச் செலவுக்குக் கொடுத்தால் போதும் என்கிறவர்களும், வாயார வாழ்த்தினாலே போதும் என்கிறவர்களும் இருக்கின்றார்கள். ஆனால் இவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் மாத்திரம் ஒன்றுபட்டிருக்கின்றார்கள். அதாவது, கொண்டுவந்து கொடுத்த மனிதனுக்குக் கொடுப்பதில் எவ்வளவு கணக்குப் பார்த்தாலும், கொண்டுவந்து கொடுக்காத கடவுளுக்குக் கொடுப்பதில் ஒருவரும் கணக்குப் பார்ப்பதே இல்லை. இந்தச் சங்கதியை இந்த வாரம் சற்று விசாரிக்கலாம் என்று எண்ணுகின்றோம்.

நாம் கண்ணால் கண்டது

நாம் குடியிருக்கும் திருமுல்லைவாயில் தெருவில் சமீபத்தில் நடந்ததைச் சொல்லுகின்றோம். பெயர்கள் வேண்டியதில்லை, இது ஒரு வீட்டுக் கதையல்ல, ஊர்க் கதை.

மகள் கலியாணத்துக்கு அடகிலிருந்து மீட்ட 8 பவுன் நகையையும், மீதிக் கலியாணப் பத்திரிகைகளையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு ஷேர் ஆட்டோவில் வந்தார். இறங்குகிற அவசரத்தில் பையைப் பின்சீட்டுக்குப் பின்னாலேயே விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கையில் பை இல்லை என்று தெரிந்தது. உடனே ஒப்பாரி கிளம்பிற்று. தெரு கூடிவிட்டது. ஒருவர் மஞ்சள் துணியில் காசு முடிந்து வை என்றார். ஒருவர் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள் என்றார். அடுத்த வீட்டு அம்மாள் கிறிஸ்தவர். அவர் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொள் என்றார். வீட்டுக்காரர் திருவேற்காட்டுக் கருமாரிக்கு அபிஷேகம் செய்வதாக வாய்விட்டுச் சொன்னார். நாம் மாத்திரம், “ஒருவர் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஓடுங்கள்” என்றோம். சாவு வீட்டில் சங்கு ஊதினவனைப் பார்ப்பதுபோல் எல்லோரும் நம்மைப் பார்த்தார்கள்.

இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த ஆட்டோ ஓட்டி வந்து வாசலில் நின்றார். திரும்பப் பூந்தமல்லி போய்ச் சேர்ந்ததும் ஒரு சவாரி பையைக் காட்டியிருக்கிறார். திறந்து பார்த்ததில் பத்திரிகையும் அதில் விலாசமும் இருந்தன. வரிசையில் தன் முறை வந்தும் ஆளை ஏற்றாமல், காலி வண்டியை ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்து, தெருத் தெருவாய் விசாரித்து, பையைக் கொடுத்தார்.

அந்த அம்மாள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, “எங்க ஆத்தா கருமாரிதாம்பா உன் ரூபத்துல வந்திருக்கா!” என்றார்.

அதற்கு அந்தத் தோழர் சொன்னார்: “ஆத்தா வரலம்மா, நான்தான் வந்தேன். பூந்தமல்லிலேருந்து கேஸ் போட்டுக்கிட்டு வந்தேன்.”

இதைவிடச் சுருக்கமான பகுத்தறிவுப் பிரசங்கம் எந்த மேடையிலும் நாம் கேட்டதில்லை. ஆனால் அது ஒருவர் காதிலும் ஏறவில்லை. வீட்டுக்காரர், “டீ சாப்பிடுப்பா” என்று 200 ரூபாயை அவர் சட்டைப் பையில் திணித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை திருவேற்காட்டில் அபிஷேகம், பட்டுப்புடவை, உண்டியலில் 5001 ரூபாய் ஆகிய எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. நாம் ஆட்டோத் தோழரைத் தெருமுனையில் நிறுத்தி, உனக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்டோம். “ரெண்டு நடை போச்சு ஐயா, வண்டி வாடகை வேற கட்டணும். அது கெடக்குது, கலியாண நகையாச்சே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாம் கேட்பது இதுதான். நகையைக் கொண்டுவந்து கொடுத்தது கருமாரி என்றால், அது ஆட்டோவில் விடுபட்டபோது அந்தக் கருமாரி எங்கே போயிருந்தாள்? தொலைந்ததற்கு அம்மாளின் ஞாபக மறதி காரணம், கிடைத்ததற்குச் சாமி காரணம் என்றால், இந்த வியாபாரத்தில் சாமிக்கு லாபமே ஒழிய நஷ்டம் எங்கே இருக்கிறது? பொருள் கிடைக்காமல் போனவர்கள் முடிந்து வைத்த காசை அவிழ்த்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா? வக்கீல்கூட வழக்குத் தோற்றால் சிற்சில சமயம் பாதி பீசைத் தள்ளிக்கொடுக்கிறார்.

சாமி கண்டெடுத்தால்?

சரி, மனிதர் கண்டெடுத்தால் என்ன செய்கிறார் என்று பார்த்தோம். அந்தச் சாமியே ஒரு பொருளைக் கண்டெடுத்தால் என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். அதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. 2024-இல் நம் அம்பத்தூர்ப் பக்கத்தவர் ஒருவர் திருப்போரூர்க் கந்தசாமி கோவிலுக்குப் போனார். உண்டியலில் காணிக்கை போடும்போது அவருடைய ஐபோன் தவறி உள்ளே விழுந்துவிட்டது. அவ்வருஷம் டிசம்பரில் உண்டியலைத் திறந்து எண்ணும்போது போனும் கிடைத்தது. போனுக்கு உரியவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் எதிரிலேயே நிற்கிறார். ஆனாலும், உள்ளிருக்கும் சிம் கார்டையும் தகவல்களையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், போன் சாமிக்குச் சொந்தம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போதைய அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அவர்களும், உண்டியலில் விழுந்தது சாமி கணக்கில்தான் சேரும் என்கிற கருத்தையே சொன்னார். அதற்கு 1975-ஆம் வருஷத்து உண்டியல் விதிகள் ஆதாரம்.

ஊர் முழுவதும் இதைக் கேட்டுச் சிரித்தது. ஆனால் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமா இது? நம் ஆட்டோத் தோழர், “என் வண்டியில் விழுந்தது என் வண்டிக்குச் சொந்தம், பத்திரிகைகளை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள், நகையைத் தரமாட்டேன்” என்று சொல்லியிருந்தால் அவரை என்ன செய்திருப்பார்கள்? உரியவர் யாரென்று தெரிந்தும் கண்டெடுத்த பொருளைத் தனதாக்கிக்கொள்வது குற்றம் என்று 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் 403-ஆம் பிரிவில் சொல்லிற்று. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவும் 314-ஆம் பிரிவில் அதையே சொல்லுகிறது. இரண்டு வருஷம்வரை சிறைவாசம் விதிக்கலாம். ஆட்டோ ஓட்டிக்கு ஒரு நீதி, ஆறுமுகத்துக்கு ஒரு நீதி என்றால், இந்த இருவரில் யார் யாரைப் பார்த்து யோக்கியம் கற்றுக்கொள்ள வேண்டும்?

2023-இல் பழனியிலும் இதுபோல் ஒன்று நடந்தது. கேரளத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் கழுத்துத் துளசி மாலையைக் கழற்றி உண்டியலில் போடும்போது, தங்கச் சங்கிலியும் சேர்ந்து விழுந்துவிட்டது. விதிப்படி அது திரும்பவில்லை. கோவில் அறங்காவலர் குழுத் தலைவர் மனம் கேளாமல் தம் சொந்தப் பணத்தில் வேறொரு சங்கிலி வாங்கிக் கொடுத்தார். அவரை நாம் பாராட்டுகின்றோம். ஆனால் இங்கேயும் இரங்கியது யார்? ஆண்டவனா, ஆசாமியா? ஆண்டவன் வைத்துக்கொண்டான், ஆசாமிதான் கொடுத்தார். ஆக, மனிதர் கண்டெடுத்தால் பொருள் திரும்புகிறது. சாமி கண்டெடுத்தால் பொருள் திரும்புவதில்லை. அப்படியிருந்தும் வெகுமதி மாத்திரம் சாமிக்கே போகிறது என்றால் இதற்குப் பக்தி என்று பெயர் வைப்பதா, புத்தியின்மை என்று பெயர் வைப்பதா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

“ஏழையாயிருந்தும்”

கோவிலை விட்டு ஊருக்குள் வருவோம். இங்கே படித்தவர்களுடைய யோக்கியதையும் அவ்வளவு மெச்சத்தக்கதாய் இல்லை. 2021 ஜனவரியில் குரோம்பேட்டையில் ஓர் ஆட்டோ ஓட்டி, கலியாண வீட்டார் வண்டியில் மறந்துவிட்ட 50 பவுன் நகையைத் திருப்பிக் கொடுத்தார். அதே வருஷம் அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு தூய்மைப் பணியாளர் அம்மாள், குப்பையைப் பிரிக்கும்போது கிடைத்த 100 கிராம் தங்கக் காசை ஒப்படைத்தார். 2024 ஜூலையில் விருகம்பாக்கத்தில் குப்பையோடு போய்விட்ட 5 லட்ச ரூபாய் வைர அட்டிகையைத் தூய்மைப் பணித் தோழர்கள் கிளறித் தேடி எடுத்துக் கொடுத்தார்கள்.

இச்செய்திகளைப் பத்திரிகைகள் எப்படி எழுதுகின்றன என்பதைக் கவனித்திருக்கின்றீர்களா? “ஏழையாயிருந்தும் நேர்மை”, “வறுமையிலும் செம்மை”. அந்த “உம்” என்கிற ஈரெழுத்தில் எவ்வளவு அகம்பாவம் இருக்கிறது! ஏழை என்றால் திருடத்தான் செய்வான், இவன் என்னமோ அதிசயமாய்த் திருடாமல் விட்டான் என்பதுதானே அதன் பொருள்? வங்கியில் கோடிக்கணக்கில் கடன் வாங்கிய ஒருவர் வட்டியோடு திருப்பிக் கட்டினால், “பணக்காரராயிருந்தும் நேர்மை” என்று எந்தப் பத்திரிகையாவது தலைப்புக் கொடுக்கிறதா? நியாயமாய்ப் பார்த்தால் அதுவல்லவா அதிசயம்!

அத்துடன் நிற்பதில்லை. ஒரு பொன்னாடை, ஒரு பூங்கொத்து, போலீஸ் அதிகாரியோடு ஒரு போட்டோ, மிஞ்சினால் ஒரு பாராட்டுக் கடிதம். திருவொற்றியூர் அம்மாளுக்கு அன்றைய தலைமைச் செயலாளரே கைப்படப் பாராட்டுக் கடிதம் எழுதினார். எழுதியதை நாம் குறை சொல்லவில்லை; அந்த நல்ல மனம் எத்தனை அதிகாரிகளுக்கு வரும்? ஆனால் கடிதத்தை வைத்து அரிசி வாங்க முடியாது. அதே சென்னை மாநகராட்சியில் 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியார் கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது, தங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று ரிப்பன் மாளிகை எதிரில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். 13-ஆம் நாள் நள்ளிரவில் போலீசாரைக் கொண்டு அவர்களை அப்புறப்படுத்தினார்கள். குப்பையில் கிடந்த தங்கத்தைக் கொடுத்தால் பொன்னாடை. தங்கள் உழைப்பின் கூலியைக் கேட்டால் போலீஸ் வண்டி! நகையைக் கொடுக்கும் கை தேவை, உரிமை கேட்கும் வாய் தேவையில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் இருந்தால் யாராவது நமக்குச் சொல்லட்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

இந்த வெகுமதி விஷயத்தில் சட்டத்தின் யோக்கியதையையும் பார்ப்போம். இன்றும் நடப்பில் இருக்கிற 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, கண்டெடுத்தவர் அப்பொருளைத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்போல் பத்திரமாய் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதாவது பொறுப்பு முழுவதும் அவர் தலைமேல். ஆனால் பட்ட பாட்டுக்கும் செய்த செலவுக்கும் ஈடு கேட்டு அவர் வழக்குப் போட முடியாது என்று 168-ஆம் பிரிவு சொல்லுகிறது. ஈடு கிடைக்கிறவரையில் பொருளைக் கொடாமல் வைத்துக்கொள்ளலாமாம். நம் ஆட்டோத் தோழர் அப்படி வைத்துக்கொண்டிருந்தால் 168-ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கிற போலீஸ்காரர் எத்தனைபேர் இருப்பார்கள்? சொந்தக்காரர் முன்கூட்டியே இவ்வளவு வெகுமதி என்று விளம்பரம் செய்திருந்தால் மாத்திரம் அதைக் கேட்டு வழக்குப் போடலாம்.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1913-இல் அலகாபாத் ஹைக்கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. கான்பூரில் ஒரு முதலாளி வீட்டுப் பையன் காணாமற் போய்விட்டான். அவனைத் தேடிவரும்படி தம்மிடம் வேலை செய்யும் லால்மன் சுக்லா என்பவரை முதலாளி ஹரித்துவாருக்கு அனுப்பினார். அவர் போன பிறகு, கண்டுபிடித்தவருக்கு 501 ரூபாய் என்று நோட்டீஸ் போட்டார். லால்மன் அலைந்து திரிந்து பையனை ரிஷிகேசத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தார். அவருக்குக் கிடைத்தது இரண்டு சவரனும், பிறகு ஒரு 20 ரூபாயும். ஆறு மாதம் கழித்து வேலையிலிருந்தும் நீக்கப்பட்டார். அப்புறம் அவர் வெகுமதி கேட்டு வழக்குப் போட்டதற்கு, பையனைக் கண்டுபிடித்தபோது உனக்கு வெகுமதியைப் பற்றித் தெரியாது, அதனால் ஒப்பந்தமே ஏற்படவில்லை, மேலும் தேடுவது உன் வேலை என்று கோர்ட்டார் தள்ளிவிட்டார்கள். வெகுமதி தெரிந்து தேடியிருந்தால் பணம் உண்டு. தெரியாமல் கடமைக்காகத் தேடியதால் பணம் இல்லை! சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் இவ்வழக்கைப் பாடமாய்ச் சொல்லிக் கொடுக்கின்றார்கள். ஒப்பந்தத்தின் இலக்கணத்துக்கு அது சரியான பாடமாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றையும் எதிர்பாராமல் உழைத்தவனுக்கு ஒன்றும் இல்லை என்பது மனிதத் தன்மைக்குச் சரியான பாடம்தானா என்று நாம் கேட்கின்றோம்.

வெளிநாடுகளில் இப்படி இல்லை. ஜப்பானில் தொலைந்த பொருளைப் போலீசில் ஒப்படைத்தால், சொந்தக்காரர் அதன் மதிப்பில் நூற்றுக்கு 5 முதல் 20 வரை கண்டெடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மூன்று மாதம்வரை சொந்தக்காரர் வராவிட்டால் பொருளே கண்டெடுத்தவருக்குச் சேரும். ஜெர்மனியின் சட்டப்படி 500 யூரோ வரையிலான மதிப்புக்கு நூற்றுக்கு 5, அதற்கு மேற்பட்டதற்கு நூற்றுக்கு 3. நம் திருமுல்லைவாயில் கணக்கைப் போடுங்கள். 8 பவுன் என்பது 64 கிராம். ஜப்பான் கணக்கில் குறைந்தபட்சம் பார்த்தாலும் 3.2 கிராம் தங்கத்தின் விலை அந்தத் தோழருக்குச் சட்டப்படி சேர வேண்டியது. அவருக்குக் கிடைத்தது ஒரு டீயும், தாம் கருமாரியின் ரூபம் என்கிற பட்டமும்.

இந்நாட்டிலேயே மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் உரியவர் இல்லாத புதையலுக்கு 1878-ஆம் வருஷத்துச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் என்று பிரித்துக் கொடுக்கிறது. செத்தவன் புதைத்ததைத் தோண்டி எடுத்தால் பங்கு உண்டு. இருப்பவன் தொலைத்ததைத் தேடிக் கொடுத்தால் பங்கு இல்லை!

சில ஆட்சேபணைகள்

“கூலிக்காகச் செய்தால் அது யோக்கியமாகுமா?” என்று சிலர் கேட்கலாம். நீதிபதி சம்பளம் வாங்கிக்கொண்டுதான் நீதி சொல்லுகிறார். அதனால் அது நீதியல்ல என்று யாரும் சொல்லவில்லை. தட்டில் தட்சணை விழுந்தால் மந்திரத்தின் சக்தி போய்விடும் என்று எந்த அர்ச்சகரும் சொன்னதில்லை. ஏழையின் யோக்கியம் மாத்திரம் இனாமாயிருந்தால்தான் சுத்தமாயிருக்கும் என்பது யார் வகுத்த சாஸ்திரம்? அந்தத் தோழர் நகையைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்தபோது வெகுமதியை நினைக்கவில்லை. அது அவருடைய யோக்கியம். அதற்கு விலை இல்லை. ஆனால் எரிந்த கேசுக்கு விலை உண்டு. போன இரண்டு நடைக்கு விலை உண்டு. அந்த அரை நாளுக்கு விலை உண்டு. நாம் கேட்பது இந்த விலையும், அதற்கு மேல் நன்றிக்கு அடையாளமாய் ஒரு பங்கும்தான்.

“கொடுத்துப் பழக்கினால், கொடுக்காதபோது திருப்ப மாட்டார்கள்” என்று சிலர் பயப்படலாம். சட்டமே போட்டுக் கொடுக்கிற ஜப்பான், தொலைந்த பொருள் திரும்பக் கிடைப்பதற்குப் பேர்போன நாடாய் இருந்து வருகிறதே ஒழிய அங்கே யாருடைய யோக்கியமும் கெட்டுப் போகவில்லை.

“தொலைத்தவரும் ஏழையாயிருந்தால்?” என்பது நியாயமான கேள்வி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பெண் தன் மாதச் சம்பளக் கவரைத் தொலைத்துவிட்டால், அதைக் கண்டெடுத்த தொழிலாளி நிச்சயமாய் ஒரு காசும் வாங்கமாட்டார். வேண்டாம் என்பது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அந்தப் பெருந்தன்மையைக் காட்டும் உரிமை வாங்க வேண்டியவருக்குத்தான் உண்டே தவிர, கொடுக்க வேண்டியவருக்கு இல்லை. அவர் வாங்கவா போகிறார் என்று இவரே தீர்மானித்துப் பணப்பையை மூடிக்கொள்வதற்குப் பெயர் பெருந்தன்மையல்ல.

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்று, நாம் செய்ய வேண்டியது ஒன்று. கண்டெடுத்தவருக்குப் பொருளின் மதிப்பில் இத்தனை பங்கு என்று சட்டத்தில் எழுத வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் பொருளை ஒப்படைக்கும்போதே அது ரசீதில் ஏற வேண்டும். உண்டியலில் தவறி விழுந்தது என்று தெளிவாய்த் தெரிகிற பொருளை உரியவருக்குத் திருப்பிக் கொடுக்கும்படி அந்த 1975-ஆம் வருஷத்து விதியைத் திருத்த வேண்டும். ஆட்டோ ஓட்டிக்கு இருக்கிற கடமை ஆண்டவனுக்கும் இருக்கட்டும்.

சட்டம் வருகிறவரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பொருள் தொலைந்தால் முதலில் ஆட்டோ ஸ்டாண்டுக்கும், பஸ் டிப்போவுக்கும், ரயில்வே போலீசுக்கும் போங்கள். மஞ்சள் துணியைத் தேட வேண்டாம். பொருளைக் கொண்டுவந்து கொடுப்பவரை “வாப்பா, போப்பா” என்று வாசலில் நிறுத்தாமல், உள்ளே அழைத்து உட்கார வைத்து, செலவு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டு, அதை முதலில் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் சாமிக்கு எவ்வளவு நேர்ந்துகொண்டீர்களோ அவ்வளவையும் அவர் கையில் கொடுங்கள். கொண்டுவந்தது சாமிதான் என்று உண்மையிலேயே நம்புகிறவர்களுக்கும் இதில் ஆட்சேபணை இருக்கக் காரணமில்லை. சாமி அந்த ரூபத்தில்தானே வந்தது? வந்த ரூபத்துக்கே காணிக்கையைக் கொடுத்துவிடுவதுதானே முறை?